பெரிய திரை இ-ரீடர் வைத்திருப்பவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாளைக்காரன்:
அப்பாவுக்காக இ-ரீடர், அதாவது மின்நூல் படிக்கிற கருவி, ஒன்று வாங்கினோம். திரை 10.3 அங்குலம், பேனாவோடு வருவது. கிண்டில் மாதிரி ஆறு அங்குல இ-ரீடரில் ஸ்கேன் பிடிஎஃப் படித்தால் எழுத்து பொடியாகிவிடும், அந்தத் தொல்லை உங்களுக்கே தெரியும். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை ஏற்றிக் கொடுத்தேன். கொற்கை பற்றிய பக்கம் வந்ததும் பேனாவை எடுத்தார். மாணவர்களை அங்கே கூட்டிப் போனபோது தான் பார்த்ததையெல்லாம் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். அவர் கையெழுத்தைப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் பிரிண்ட் எடுத்துத் தரலாம் என்று அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஓரம் வெறுமையாக இருக்கிறது. "அப்போ நான் எழுதினது எங்கல இருக்கு?" என்று கேட்டார். கருவியில் அப்படியேதான் இருக்கிறது, காட்டினேன். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்போது அதில் படிக்க மட்டும் செய்கிறார், குறிப்பெல்லாம் துண்டுச் சீட்டில். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வள்ளியூர் ஆடிட்:
10.3 எதற்கும் போதாது என்பதுதான் என் கட்சி. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். 10.3 அங்குலத் திரை ஏறக்குறைய 157க்கு 209. முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் 70 சதவீதமாகச் சுருங்கிவிடும். 12 பாயிண்ட் எழுத்து எட்டரை பாயிண்ட் அளவுக்கு வந்து நிற்கும். 13.3 அங்குலத்தில் அதே பக்கம் 90 சதவீதத்துக்குக் குறையாது. ஒரு மில்லில் கணக்குப் பார்க்கும்போது இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்பை நான் வாசிக்க வாசிக்க, முதலாளி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சத்தைத் தானே வாசித்தார். அந்த அடிக்குறிப்பை அவர் அதுவரை படித்ததே இல்லை. பொடி எழுத்து என்றால் மனிதர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வாங்கினால் பெரியதாக வாங்குங்கள்.

அம்பை ஆய்வு மாணவி:
வள்ளியூர் அண்ணன் சொல்வது ஏ4 காகிதத்துக்குச் சரி. தமிழ்ப் புத்தகம் எது ஏ4-ல் வந்திருக்கிறது? பெரும்பாலும் டெமி, இல்லையென்றால் கிரவுன் என்கிற சிறிய புத்தக அளவுதான். டெமி ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் 10.3-ல் அச்சுப் புத்தகத்தின் அளவிலேயே எழுத்து தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருந்து இறக்குகிற பழைய நூல்களை நான் அப்படித்தான் படிக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தைப் படம் பிடித்தவை. கிண்டில் மாதிரி எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியே கிடையாது. அதனால்தான் நம் ஆட்களுக்குத் திரை அளவு இவ்வளவு முக்கியமாகிறது.

என் கதை ரயிலில் நடந்தது. அம்பாசமுத்திரத்தில் ஏறினேன், ஜன்னலோரம், முகத்தில் வெயில். போன் திரை ஒன்றுமே தெரியாத வெயிலில் இது காகிதம் போலத் தெளிவாகத் தெரியும். கன்னடியன் கால்வாயின் நீர்ப்பங்கீடு பற்றிய ஒரு பழைய ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் சேரன்மகாதேவி தாண்டியதும், "தாயீ, அடுத்த பக்கம் தள்ளு, நான் முடிச்சிட்டேன்" என்றார். நான் இன்னும் பாதிப் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கால்வாயில்தான் அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதாம். மடை அடைக்கிற முறை பற்றிய பத்தியில் விரலை வைத்து, "இது கார் சாகுபடிக்குச் சரி, பிசானத்துக்கு இப்படிக் கெடயாது" என்றார். பேட்டையில் நான் இறங்க வேண்டும். "மிச்சத்த நான் எங்க போயி படிக்க?" என்று கேட்டார். அவரிடம் இருந்தது பட்டன் போன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கோர்ட் ஜூனியர்:
விரல் வைத்தார் என்றதும் ஞாபகம் வந்தது. நாங்குநேரிப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. ஒரு பாட்டி வந்திருந்தார்கள். பழைய பத்திரத்தின் ஜெராக்ஸ், கையெழுத்துப் பிரதி. ஸ்கேன் பண்ணிப் பெரிய திரையில் போட்டு நான்கெல்லையை வாசித்துக் காட்டினேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நஞ்சை என்று வரி வரியாக. பாட்டியும் கூடவே விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்கள். தொடுதிரை அதைப் பக்கம் திருப்பச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. பக்கம் கறுத்து, வெளுத்து, வேறு பத்திரம் வந்து நின்றது. "ஐயா, என் வயல் எங்கய்யா போச்சு?" என்று அழவே தொடங்கிவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து காட்டியும் அவர்கள் கை நடுங்கியது. அன்று முதல் கட்சிக்காரர் முன்னால் தொடுதலை அணைத்துவிட்டுப் பேனாவால் மட்டும்தான் திருப்புகிறேன்.

சங்கரன்கோவில் வாசகர்:
நான் பழையது ஒன்றை வாங்கி ஓட்டுகிறேன், நன்றாகவே இருக்கிறது. அதை விடுங்கள், புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

பாளைக்காரரே, உங்கள் அப்பா எழுதியது எங்கும் போகவில்லை. பல கருவிகள் கையெழுத்தை மூலக் கோப்பில் சேர்க்காமல் தனியாகவே வைக்கும். குறிப்புகளோடு ஏற்றுமதி செய்கிற வசதியைத் தேடுங்கள். புதுப் பிடிஎஃப் ஒன்று வரும், அதில் எல்லாம் இருக்கும். அந்தக் கோப்பை வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள். முதலில் அப்பா கண்ணெதிரே ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள்.

அடுத்து, கோர்ட் தம்பி சொன்ன அந்தக் கறுப்பு மின்னல். உள்ளே மின்னூட்டம் ஏற்றிய கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்துதான் எழுத்து உண்டாகிறது. முந்தின பக்கத்தின் நிழல் தங்காமல் இருக்க முழுத் திரையையும் ஒருமுறை துடைக்கிறது. பழுது இல்லை. எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று அமைப்பில் மாற்றலாம். பக்கம் அசையாமல் நிற்க மின்சாரம் வேண்டாம், அதனால்தான் பேட்டரி பல நாள் தாங்குகிறது. ஆனால் முன்விளக்கும் வைஃபையும் எப்போதும் ஓடினால் அந்தக் கணக்கு செல்லாது.

கலர் திரைக்கு ஆசைப்படாதீர்கள். கலைடோ 3 என்கிற கலர் திரையில் கறுப்பு வெள்ளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர் 150தான். பக்கத்தின் வெள்ளையும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். மங்கிப்போன ஸ்கேன் என்றால் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள், எழுத்து தடித்துத் தெரியும். பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பிடிஎஃப்பை, எழுத்தைப் பெரிதாக்க முடிகிற இ-பப் மின்நூலாக ஆக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை அதில் இல்லாததால் குப்பை எழுத்துதான் வரும். அப்புறம், பல கருவிகளில் திரைக்கு உள்ளே இருப்பது கண்ணாடி. பையில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கெட்டியான உறை போடுங்கள்.

கோர்ட் ஜூனியர்:
எல்லாம் சரி அண்ணாச்சி, கான்ட்ராஸ்ட் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்திரத்தில் அதை ரொம்பக் கூட்டினால் முத்திரையும் மங்கலான ரேகையும் கரும்புள்ளியாகிவிடும். சர்வே எண்ணில் 3 எது 8 எது என்று தெரியாது. பத்திரம் பார்க்கிறவர்கள் அதைத் தொடாதீர்கள்.

வள்ளியூர் ஆடிட்:
டெமி அளவு பற்றித் தங்கச்சி சொன்னது நியாயம். கதைப் புத்தகத்துக்கு 10.3 போதும் என்று ஒத்துக்கொள்கிறேன். இருப்புநிலைக் குறிப்புக்கு 13.3தான், அதில் மாற்றமில்லை. அந்தக் கன்னடியன் கால்வாய் ஆய்வேட்டுக்கு ஸ்கேன் இருக்கிறதென்றால், கல்லிடைக்குறிச்சி நூலகத்தில் ஒரு பிரிண்ட் வைக்க ஆகும் செலவை நான் தருகிறேன்.