மாண்ட்கோமரி: டாக்டர், ஜெனரல், ஊர், மாடு. எல்லாம் ஒரே குடும்பமா?

பிரசவவார்டு மாலதி கேட்டது:

வணக்கம். நான் செவிலியர் கல்லூரியில் பேறுகாலப் பாடம் எடுக்கிறேன். கர்ப்ப அறிகுறிகளில் ‘மாண்ட்கோமரி புடைப்புகள்’ என்று ஒன்று சொல்லித் தருவோம். மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் மணல் மணலாகத் தெரியும் எண்ணெய்ச் சுரப்பிகள். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, “மேடம், அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்குச் சீட்டை விட்டுத்தர மாட்டேன் என்று உட்கார்ந்த ஊரும் மாண்ட்கோமரிதானே? இவர் அந்த ஊர் டாக்டரா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் என்னிடமும் பதில் இல்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், இரண்டாம் உலகப்போரில் எகிப்தின் எல் அலமைனில் ஜெர்மன் தளபதி ரோமலைத் தோற்கடித்த ஜெனரல் மாண்ட்கோமரியை இழுத்தார். மாமனார், “நம்ம சாஹிவால் மாட்டுக்கே அந்தக் காலத்தில் மாண்ட்கோமரின்னுதான் பேரு” என்றார். இவர்களெல்லாம் ஒரே குடும்பமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷ்ரூஸ்பரி சேகர்:

மேடம், முதலில் உங்கள் மாணவிக்கு. அந்த டாக்டர் டப்ளின்காரர், வில்லியம் ஃபெதர்ஸ்டன் மாண்ட்கோமரி. 1837-இல் கர்ப்ப அறிகுறிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தால் பேர் நிலைத்துவிட்டது. இத்தாலியில் மோர்கான்யி என்ற உடற்கூறு நிபுணர் நூறு வருஷத்துக்கு முன்பே அதே சுரப்பிகளைப் பார்த்து எழுதியிருந்தார். பாவம், பேர் இவருக்குப் போய்விட்டது.

சரி, குடும்பக் கதைக்கு வருவோம். நான் வேலை பார்க்கும் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் மாண்ட்கோமரி என்றே ஒரு ஊர் வரும். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஊர். ஆயிரத்துச் சொச்சம் பேர், பாறைமேல் ஒரு இடிந்த கோட்டை, கீழே செங்கல் வீடுகள். உலகத்து மாண்ட்கோமரிகள் எல்லாரும் இங்கிருந்து கிளம்பியவர்கள் என்று அங்கே ஒரு பெரியவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அப்படியில்லை, அந்த ஊரின் பேரே இரவல்.

அசல் ஊர் நார்மண்டியில், லிசியூ நகருக்குத் தெற்கே இருக்கிறது. கோமரிக் என்ற ஜெர்மானியப் பேர்கொண்ட யாரோ ஒருவனின் குன்று, அவ்வளவுதான். அதை ஆண்ட குடும்பத்தில் வந்தவர் ரோஜர். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், தன் நெருங்கிய ஆளான இவரை ஷ்ரூஸ்பரியின் ஏர்ல், அதாவது பிரபு ஆக்கி வேல்ஸ் எல்லையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். செவர்ன் ஆற்றைக் கடக்கும் துறையைக் காவல் காக்க ரோஜர் ஒரு மரக்கோட்டை கட்டி, அதற்குச் சொந்த ஊர்ப் பேரையே வைத்தார். துபாயில் கடை போட்டு ‘தஞ்சாவூர் மெஸ்’ என்று போர்டு மாட்டுகிற மாதிரிதான்.

அந்த மேடு இன்னும் இருக்கிறது. இப்போது அதற்கு ஹென் டோமன் என்று பேர். பாறைக்கோட்டைக்குச் சற்றே வடக்கே, குறுகலான சந்துப் பாதை ஓரத்தில், மரம் மண்டிய ஒரு மண்குவியல். தெரியாமல் போனால் யாரோ கொட்டிய மண் என்று கடந்துவிடுவீர்கள். 1960 முதல் பல கோடைகள் தோண்டிப் பார்த்தார்கள். கட்டடம் மாற்றிக் கட்டடம் நின்ற அடையாளங்கள் ஏராளமாகக் கிடைத்தன. தங்கம், நகை, நல்ல பாத்திரம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றுமில்லை. எல்லைக் கோட்டையில் பிரபு வாழ்க்கை அவ்வளவுதான் போல.

ரோஜரின் மகன் ராபர்ட் 1102-இல் முதலாம் ஹென்றியை எதிர்த்துக் கிளம்பி, இங்கிலாந்தில் இருந்த சொத்து மொத்தத்தையும் இழந்தார். கோட்டை பால்ட்வின் என்பவர் கைக்குப் போனது. அதனால்தான் வேல்ஸ் மொழியில் அந்த ஊர் இன்றும் ‘ட்ரெவால்ட்வின்’, பால்ட்வின் ஊர். ரோட்டுப் பலகையில் இரண்டு பேரும் மேலும் கீழுமாக எழுதியிருக்கும். குடும்பம் போனபிறகும் ஆங்கிலக்காரர்கள் பழைய பேரை விடவில்லை. மூன்றாம் ஹென்றி 1223-இல் பாறைமேல் கல்கோட்டை கட்டியபோது பேரும் அங்கே குடியேறிவிட்டது.

அப்போ இத்தனை மாண்ட்கோமரிகள் எங்கிருந்து? ஸ்காட்லாந்திலிருந்து. 12-ஆம் நூற்றாண்டில், எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கத்து வால்டர் ஃபிட்ஸ் ஆலன் அங்கே போனபோது கூடவே ஒரு ராபர்ட் டி மாண்ட்கோமரியும் போய், கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஈகிள்ஷாமில் நிலம் வாங்கிக்கொண்டார். இவர் ரோஜரின் வம்சம்தான் என்று குடும்பத்தார் சொல்வார்கள், ஆதாரப் பத்திரம் கிடையாது. வேல்ஸ் எல்லை மாண்ட்கோமரியிலிருந்து போனதால் ஊர்ப் பேரே ஒட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியோ, கிளை தழைத்தது. 1388 ஆட்டர்பர்ன் சண்டையில் ‘ஹாட்ஸ்பர்’ எனப்பட்ட ஹென்றி பெர்சியைச் சிறைபிடித்து, மீட்புப் பணத்தில் போல்நூன் கோட்டையைக் கட்டினார்கள். 1606-ஐ ஒட்டி ஹியூ மாண்ட்கோமரி ஸ்காட்லாந்து ஆட்களை அயர்லாந்தின் கவுன்டி டவுனில் கொண்டுபோய்க் குடியேற்றினார். அயர்லாந்தில் அந்தப் பேர் பரவியது இப்படித்தான்.

உங்கள் வீட்டுக்காரரின் ஜெனரலும் அயர்லாந்துக் குடும்பம்தான், டோனெகல் பக்கத்து மோவில். அவருடைய தாத்தாதான் உங்கள் மாமனாரின் மாட்டுக்குப் பேர் கொடுத்தவர். அதை மாட்டுக்காரர்கள் யாராவது சொல்வார்கள்.

பிரான்ஸிலும் ஒரு கிளை உண்டு. ஸ்காட்லாந்து வம்சம் என்று சொல்லிக்கொண்ட கேப்ரியல் டி மாண்ட்கோமரி, 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் குதிரையேற்ற ஈட்டி விளையாட்டில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியோடு மோதினார். ஈட்டி முறிந்து, சிம்பு தலைக்கவசத் திறப்பு வழியாகக் கண்ணில் ஏறியது. பத்து நாள் உயிரோடு போராடி மன்னர் செத்துப்போனார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1944 ஜூலை 17-இல் நார்மண்டியில் நேச நாட்டு விமானங்கள் ரோமலின் காரைச் சுட்டன. கார் கவிழ்ந்து மண்டை உடைந்தது, அவருடைய போர் அதோடு முடிந்தது. எதிர்ப்பக்கத் தரைப்படைத் தளபதி மாண்ட்கோமரி. கார் கவிழ்ந்த இடம் சேன்ட் ஃபுவா டி மோங்கோமரி, அசல் குன்று இருக்கும் அதே கிராமத்துப் பக்கம். கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கறவைக்கணக்கு:

சேகர் அண்ணன் விட்ட இடத்திலிருந்து. 1857-இல் லாகூரில் சிப்பாய்களின் துப்பாக்கியைப் பறிக்க ஏற்பாடு செய்த ராபர்ட் மாண்ட்கோமரிதான் அந்தத் தாத்தா. பிறகு பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார். லாகூர்-முல்தான் ரயில் பாதையில் சாஹிவால் என்ற கிராமத்தை ஊராக்கி 1865-இல் அவர் பேரை வைத்தார்கள். அந்த ஜில்லாவின் மாடு மாண்ட்கோமரி மாடு. 1960-களில் பாகிஸ்தான் அரசு ஊருக்குப் பழைய பேரைத் திரும்பக் கொடுத்தது. மாமனார் சொன்னது சரி. செம்பழுப்பு நிறம், கழுத்தடியில் தொங்கும் தாடி, உண்ணி அவ்வளவாக அண்டாது. எங்கள் தொழுவத்திலும் இரண்டு நிற்கிறது, பேர் மாற்றியது அவைகளுக்குத் தெரியாது.

பூட்டுசாவி:

எங்கள் கணினிக் குறியாக்கத் துறையிலும் உண்டு. பீட்டர் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கக் கணிதர் 1985-இல், பெரிய எண்களைப் பெருக்கி மீதி காணும்போது வகுத்தலையே தவிர்க்கும் வழி ஒன்று கொடுத்தார். அவர் பேரில் ஒரு வளைகோட்டு வகையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியைப் பரிமாற அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோட்டை கட்டின குடும்பத்துப் பேர் பூட்டுக்குப் பொருத்தம்தான்.

பிரசவவார்டு மாலதி:

எல்லோருக்கும் நன்றி. ரோசா பார்க்ஸ் ஊரை மட்டும் யாரும் தொடவில்லையே? நாளைக்கு முதல் பீரியடே அந்த வகுப்புதான்.

அட்லாண்டா கண்ணன்:

அதில் ஒரு சிக்கல் உண்டு மேடம். அலபாமாவில் மாண்ட்கோமரி நகரத்துக்கும் அதே பேருள்ள கவுன்டிக்கும் காரணம் வேறு வேறு ஆள். கவுன்டி, 1814 ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் செத்த மேஜர் லெமுவல் மாண்ட்கோமரி பேரில். 1819-இல் உருவான நகரம், 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக்கைப் பிடிக்கப் போய்ச் செத்த ஜெனரல் ரிச்சர்ட் மாண்ட்கோமரி பேரில். ரிச்சர்ட் டப்ளின் பக்கத்தில் பிறந்தவர். அதனால் உங்கள் மாணவி ஊரையும் டாக்டரையும் முடிச்சுப் போட்டது அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை.

இங்கே கறுப்பினத்தவர் பலருக்கும் இந்தக் குடும்பப் பேர் உண்டு. ஐசாயா மாண்ட்கோமரி அடிமையாகப் பிறந்தவர். 1887-இல் மிசிசிப்பியில் கறுப்பர்களுக்கென்றே மவுண்ட் பேயு என்ற ஊரை உருவாக்கினார். 1890-இல் அந்த மாநிலத்தின் அரசியல் சட்ட மாநாட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பிரதிநிதி அவர்தான். கறுப்பர்களின் ஓட்டைப் பறித்த அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகவே கை தூக்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று இங்கே இன்னும் விவாதம் நடக்கிறது. ரோசா பார்க்ஸை ஒட்டி நடந்த பஸ் புறக்கணிப்பு பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் இவரையும் சொல்லுங்கள்.

பிரசவவார்டு மாலதி:

டப்ளின் என்றதும் அவளுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். “அப்போ நான் பாதி சரிதானே மேடம்?” என்கிறாள்.