பாசால்ட் கூம்பின் மேல் காந்தப்புலம் குறைவாக வருகிறது, அடியில் மாக்மாவா?

கேள்வி
ஒரு எரிமலைப் பகுதிக்கு ஹெலிகாப்டரில் எடுத்த காந்த அளவீட்டுத் தரவை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீசியம் காந்தமானி, வடக்கு தெற்காகப் பறந்த கோடுகள், இடைவெளி 250 மீட்டர். ஐஜிஆர்எஃப் (பூமியின் பொதுவான புலத்துக்கான உலக மாதிரி) கழித்தாயிற்று, தரை நிலையத்தை வைத்து, புலம் நாள் முழுக்க மாறுவதற்கான தினசரித் திருத்தமும் முடிந்தது. ஆனால் பாசால்ட் கூம்பு ஒன்றின் மேல் சுற்றுப்புறத்தை விட 600 நானோடெஸ்லா குறைவாக வருகிறது. பாசால்ட் காந்தம் உள்ள எரிமலைக் கல், ஏறத்தானே வேண்டும்? அடியில் சூடு இருப்பதால் காந்தம் போய்விட்டது என்று எழுதிவிடலாமா? அப்புறம், ரிடக்‌ஷன் டு போல் (துருவத்தில் அளந்திருந்தால் வரும் படமாக மாற்றும் வடிகட்டி) ஓட்டினால் படம் முழுக்க வடக்கு தெற்காக இழுத்துவிட்ட மாதிரி கோடு கோடாக வருகிறது.

பதில் 1
அந்த இடத்தில் புலத்தின் சாய்வு, அதாவது கிடைமட்டத்திலிருந்து அது சாயும் கோணம், எவ்வளவு?

கேட்டவர்
8 டிகிரி.

பதில் 1
அப்படியானால் மாக்மாவை விடுங்கள். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் புலம் கிட்டத்தட்ட கிடையாக இருக்கிறது, அதனால் புலத்தின் திசையிலேயே காந்தமேறிய கல்லுக்கு நேர் மேலே அந்தக் கல்லின் புலம் பூமியின் புலத்துக்கு எதிராகத்தான் நிற்கும், குறைவு தெரிவதுதான் சரி. வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் ஏற்றம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கூம்பு நல்ல மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது) உள்ள சாதாரண பாசால்ட்.

கோடுகள் விஷயம்: ரிடக்‌ஷன் டு போல் போடுவதற்கு முந்தைய கிரிட்டிலேயே அவை இருந்தால் லெவலிங் (பறந்த கோடுகளின் அளவுகளை ஒன்றோடொன்று பொருத்துவது) சரியில்லை, குறுக்கே பறந்த டை லைன்களைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் வருகிறதென்றால் வடிகட்டியின் வேலை, குறைந்த சாய்வில் அது வடக்கு தெற்கு இரைச்சலைத் தாறுமாறாகப் பெருக்கும். துருவத்துக்குப் பதில் காந்த நடுக்கோட்டில் அளந்த மாதிரி மாற்றுங்கள், இல்லை அனலிட்டிக் சிக்னல் (புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதிலிருந்து கணக்கிடுவது) போடுங்கள்.

பதில் 2
மேலே சொன்னது சரி, ஆனால் எரிமலைக் கல்லில் எஞ்சிய காந்தத்தை (ஆறும்போது கல்லில் பதிந்து நின்றது) மறக்கக் கூடாது. பாசால்ட்டில் பெரும்பாலும் அதுதான் இன்றைய புலம் தூண்டிய காந்தத்தை விடப் பெரிது. சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்தில், புலம் தலைகீழாக இருந்தபோது ஆறிய லாவா ஓட்டம் என்றால் உங்கள் இடத்தில் குறைவுக்குப் பதில் ஏற்றம் காட்டும், அதைப் பார்த்து வேறு கல் என்று வரைந்துவிடாதீர்கள். ஓட்டங்களின் வயது தெரிந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பே ஒரு காந்த மலை என்பதால் நிலமேடு தரும் விளைவையும் மாடல் செய்து கழித்துப் பாருங்கள்.

சூடு பற்றி: மேக்னடைட் காந்தத்தை இழப்பது 580 டிகிரி செல்சியஸில், டைட்டானியம் கலந்ததென்றால் அதற்கும் கீழே. ஆழத்தில் இருக்கும் சூடு அகலமாகப் பரவிய மாற்றமாகத்தான் தெரியும், கூம்பளவுக்குக் குறுகிய ஒன்று மேலோட்டமான மூலம்.

கேட்டவர்
இரண்டு பக்கமும் ஏற்றம் இருக்கிறது, கோடுகளும் வடிகட்டிக்குப் பிறகுதான். கூம்புக்கு மேற்கே காந்தமே இல்லாத மாதிரி ஒரு திட்டு இருக்கிறது, அது என்னவாக இருக்கும்?

பதில் 2
வெந்நீர் ஓடி மேக்னடைட் அழிந்து களிமண்ணாகிய பாறையாக இருக்கலாம். காந்தம் மட்டும் போதாது, மின்தடையும் குறைவா என்று பாருங்கள். அமெரிக்காவின் மவுண்ட் ரெய்னியர் எரிமலையில் சரியக்கூடிய பலவீனமான பாறையை ஹெலிகாப்டர் காந்த அளவீட்டையும் மின்காந்த அளவீட்டையும் சேர்த்துத்தான் பிரித்தார்கள்.