எட்டு மிதவை, ஒரே பைட்: எல்லா விளக்கும் முதல் தொட்டிக்கே ஆடுகிறது

மிதவை8:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எட்டுத் தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை சுவிட்ச். தொட்டி நிறைந்தால் அது கிரவுண்டோடு சேரும். எட்டும் பிசிஎஃப்8574 சிப் (எட்டுக் கால்களை ஒரே பைட்டாக, அதாவது எட்டு பிட்டாகத் தருவது) வழியாக அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகைக்கு வருகின்றன. அந்த பைட்தான் கீழே 'நிலை'. தொட்டி நிறைந்தால் அதன் விளக்கு எரிய வேண்டும். நான்காம் தொட்டிக்கு எழுதியது:

இஃப் (நிலை & 8 == 8) விளக்கு எரியட்டும்

மற்றவற்றுக்கும் 1, 2, 4, 16 என்று இதே மாதிரிதான். ஆனால் முதல் தொட்டி நிறைந்தால் எட்டு விளக்கும் அணைகின்றன. தண்ணீர் இறங்கினால் எட்டும் எரிகின்றன. மற்ற ஏழு மிதவைகளை ஆட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. வயர் மாற்றிப் பார்த்தாயிற்று. சிப் போய்விட்டதா?

வயர்மேன்:
சிப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அடைப்புக்குறிதான் இல்லை. சி மொழியில் பிட் பிட்டாகப் பொருத்திப் பார்க்கும் & ஐவிட == முந்திக்கொள்ளும். அதனால் 8 == 8 முதலில் கணக்காகி 1 ஆகிவிடுகிறது. மிச்சம் நிலை & 1. எட்டு வரியிலும் இதே கதை, அதனால்தான் எட்டு விளக்கும் முதல் மிதவையைப் பார்க்கின்றன. (நிலை & 8) == 8 என்று எழுதுங்கள்.

இதற்குக் காரணம் சி-க்கு முன்னிருந்த பி மொழி. அதில் & ஒன்றே பிட்டுகளைப் பொருத்துவது, 'இதுவும் அதுவும் உண்மையா' என்று பார்ப்பது என இரண்டு வேலையும் பார்த்தது. சி-யில் && தனியாக வந்தபோது, ஏற்கெனவே எழுதியவை கெட்டுவிடக் கூடாதென்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி & இன் இடத்தை மாற்றவில்லை. பைதானில் இந்தச் சிக்கல் கிடையாது.

அடைப்புக்குறி போட்டதும் (நிலை & 8) == 1 என்று மாற்றிவிடாதீர்கள். விடை 0 அல்லது 8, ஒருநாளும் 1 வராது. 1 தான் வேண்டுமென்றால் பிட்டுகளை வலப்பக்கம் மூன்று இடம் தள்ளி (நிலை >> 3) & 1. பிட் எண்ணிக்கை 0 இலிருந்து, ஆகவே நான்காம் தொட்டிக்கு 3.

பிட்பித்தன்:
எரிவதும் அணைவதும் தலைகீழாக இருப்பது தனிப் பிழை. கிரவுண்டோடு சேர்ந்தால் பிட் 0. நான்காம் தொட்டி மட்டும் நிறைந்தால் 11110111, அதாவது 247 வரும். ஆகவே (நிலை & 8) == 0 என்றால்தான் நிறைந்தது.

~ போட்டு 0, 1 எல்லாவற்றையும் திருப்புவதானால் கவனம். பைட் முதலில் இன்ட் (எதிர்மறையும் தாங்கும் பெரிய முழு எண்) ஆகிவிடும். ~247 விடை 8 அல்ல, -248. எந்தத் தொட்டியும் நிறையாதபோது ~255 என்பது -256, சுழி அல்ல, அதனால் இஃப் (~நிலை) எப்போதும் உண்மையாகும். (~நிலை) & 255 என்று வெட்டிவிடுங்கள்.

வயர்மேன்:
இன்னொன்று. படிக்கும் முன் சிப்புக்கு 255 எழுத வேண்டும். 0 எழுதினால் அந்த இணைப்புக் காலைச் சிப்பே கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மிதவை என்ன செய்தாலும் 0 தான். மிதவை திறந்திருக்கும்போது காலை 1 இல் வைக்கும் உள் மேலிழுப்பு மிக மெலிது; தொட்டி தூரமென்றால் ஒவ்வொரு காலுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

மிதவை8:
எட்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன, நன்றி அண்ணே. தொட்டி நிறையும் நேரத்தில் மட்டும் விளக்கு படபடக்கிறது.

பிட்பித்தன்:
தண்ணீர் அலை மிதவையை ஆட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரே முறை படித்து மாறியில் வையுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் சிப்பைத் திரும்பப் படித்தால் எட்டு விளக்கும் எட்டு வேறு நேரத்தைக் காட்டும். பிறகு முந்தைய சுற்றின் பைட்டோடு ஒப்பிடுங்கள், பழையது ^ புதியது: எந்த பிட் மாறியதோ அங்கே மட்டும் 1. அந்த மாற்றம் 2 வினாடி நிலைத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டன் போல 50 மில்லி வினாடி இங்கே போதாது.