கேஸ் சிலிண்டருக்கும் மிக் வெல்டிங் மெஷினுக்கும் ஒரு தள்ளுவண்டி: வெள்ளம் வரும் இடத்தில் எப்படிச் செய்வது?

வெல்லம்பிட்டிப் பட்டறை எழுதியது:

வணக்கம். மாமாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால் அவருடைய பட்டறையை எட்டு மாதமாக நான் நடத்துகிறேன். கேட், ஜன்னல் கிரில், படிக் கைப்பிடி, இவ்வளவுதான் வேலை. இடம் பத்தடிக்குப் பதினான்கடி. நடுவே ஒரு கான் (வடிகால்) ஓடுகிறது, மேலே கம்பி மூடி. 200 அம்பியர் மிக் மெஷின், 22 கிலோ. கேஸ் சீஓடூ (கரியமில வாயு), பெரிய சிலிண்டர். அது என் உயரம் இருக்கிறது. நான் ஐந்தடி.

இவ்வளவு நாளும் சிலிண்டரைத் தும்புக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தோம். மாமா காலத்துப் பழக்கம். போன மாதம் கிரைண்டர் போடும்போது பொறி கயிற்றில் விழுந்து உள்ளுக்குள்ளேயே புகைந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பின்னேரம் கேஸைத் திறக்கக் கை வைத்தபோது கயிறு அறுந்து சிலிண்டர் சரிந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) குவியலில் சாய்ந்து நின்றதால் தப்பினேன். ரெகுலேட்டரின் கண்ணாடி உடைந்தது. வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் இரவு சோறு சாப்பிடும்போதும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்த வண்டியை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

வரைந்து பார்த்தது இது. ஒன்றரை அங்குல எல் அயனில் 18க்கு 30 அங்குலச் சட்டம். மெஷின் மூன்றரை அடி உயரத்தில் மேல் தட்டில். பின்னால் சிலிண்டர். நான்கு மூலைக்கும் கீழே நாலு அங்குலச் சுழல் சில்லு (எப்பக்கமும் திரும்பும் சக்கரம்). மெஷினை அவ்வளவு உயரத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். மாமாவின் பழைய மெஷின் மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. வெயிலில் வைத்து அதன் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அது திரும்ப ஓடவில்லை.

இந்த வரைபடம் சரியா? மிச்சம் கிடக்கும், நாகப்பூச்சுப் போட்ட ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடிக்குப் போடலாமா? கைப்பிடி என்ன உயரத்தில் வர வேண்டும்? பார்த்துச் சொல்லுங்கள்.

---

கப்பல்வேலைக்காரர் எழுதியது:

மகள், கையில் காலில் படாமல் தப்பினீர்களே, அதுவே பெரிய காரியம். நான் துறைமுகப் பக்கம் கப்பல் பழுதுவேலையில் இருபத்தாறு வருஷம் வெல்டிங் செய்தவன்.

உங்கள் படத்தில் வண்டி மெஷினுக்காகச் செய்யப்படுகிறது, சிலிண்டர் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அதை அப்படியே மாற்றிப் போடுங்கள். நிரம்பிய அந்தச் சிலிண்டர் ஏறத்தாழ 90 கிலோ, உங்கள் மெஷின் 22. பாரம் எங்கேயோ அங்கேதான் வண்டி தொடங்க வேண்டும்.

நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நீங்கள் வரைந்தபடி மெஷின் மூன்றரை அடியில் இருந்தால், மொத்தப் பாரத்தின் மையம் தரையிலிருந்து 30 அங்குலம் அளவில் வரும். சில்லுகள் சட்டத்துக்குக் கீழே உள்வாங்கி நிற்பதால் அவற்றின் இடைவெளி 16 அங்குலம்தான். பக்கவாட்டில் 15 பாகை சரிந்தாலே கவிழும். கான் மூடியில் ஒரு பக்கச் சில்லு இறங்கி, அதே நேரம் நீங்கள் ஒரு இழுப்பு இழுத்தால் அது போதும். இப்போது மெஷினைச் சட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு அடி உயரத்துக்குள் இறக்குங்கள். பின்சில்லு இரண்டையும் சட்டத்துக்கு வெளியே போடுங்கள், இடைவெளி 22 அங்குலம் கிடைக்கும். மையமும் 27 அங்குலத்துக்குக் கீழே இறங்கும். இனி 22 பாகை வரையாவது தாங்கும். அதே இரும்புதான், அதே செலவுதான்.

சிலிண்டர் நிற்கும் தட்டு தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் உடம்புக்கு 90 கிலோவைத் தூக்கி வைக்க முடியாது, யாருக்குமே முடியாது. சிலிண்டரைச் சற்றுச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி, தட்டில் ஏற்ற வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும். எட்டு அங்குலச் சில்லு போட்டால் அச்சு நாலு அங்குல உயரத்தில் நிற்கும். ஒரே நீள அச்சாகப் போட்டால் சிலிண்டர் உள்ளே வரும் வழியை அது மறித்துவிடும். அதனால் பக்கத்துக்கு ஒன்றாக 20 மில்லிமீற்றர் போல்ட்டைத் துண்டு அச்சாகப் போடுங்கள். போல்ட் பிடிக்கும் இடத்தில் சட்டத்துக்குள்ளே ஒரு கனத்த தகட்டை வைத்து இரண்டு பக்கமும் வெல்ட் பண்ணுங்கள். சிலிண்டரின் நடு, சில்லு அச்சுக்கு முன்னால் நாலு அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். அச்சுக்குப் பின்னால் போனால், மெஷினைக் கழற்றிய அன்றைக்கு வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துவிடும்.

கட்டுவது சங்கிலியால், இரண்டு இடத்தில். ஒன்று மேல் மூன்றிலொரு பங்கில், ஒன்று கீழே. ஒரே சங்கிலி என்றால் சிலிண்டர் அதற்குள்ளேயே சுழன்று அடிப்பக்கம் வழுக்கும். கயிறும் வேண்டாம், நைலோன் பட்டியும் வேண்டாம். வெல்டிங் நடக்கும் இடத்தில் எரியக்கூடிய எதையும் நம்பி 90 கிலோவை நிறுத்தக் கூடாது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

சீஓடூ பற்றி ஒன்று. உள்ளே இருப்பது திரவம். சிலிண்டரைப் படுக்க வைத்தோ அதிகம் சாய்த்தோ திறந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். அதனால் நேராக நிற்க வேண்டும். மீற்றரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. திரவம் தீரும் வரை முள் ஒரே இடத்தில் நிற்கும், நம் சூட்டில் 70 பார் அளவில், பிறகு மளமளவென்று இறங்கும். பட்டறைக் கதவடியில் வெயில் விழும் என்றால் வண்டியை அங்கே நிறுத்த வேண்டாம்.

வெள்ளத்துக்கு வழி வண்டியை உயர்த்துவது அல்ல. மெஷின் தட்டைக் கழற்றி எடுக்கிற மாதிரிச் செய்யுங்கள். சுவரில் ஆறடி உயரத்தில் இரண்டு தாங்கி அடியுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் பிடித்துத் தட்டோடு மேலே ஏற்றிவிடலாம். சிலிண்டரின் வால்வைப் பூட்டி, மூடி போட்டு, வண்டியைச் சுவரோடு சங்கிலி போடுங்கள். சமையல் கேஸ் சிலிண்டர்கள் வெள்ளத்தில் மிதந்து போனதை உங்கள் பக்கத்தில் எல்லாரும் கண்டிருப்பார்கள்.

கைப்பிடி உங்கள் முழங்கை உயரம், அல்லது அதற்கு ஒரு சாண் கீழே. ஐந்தடி ஆளுக்கு 36 அங்குலம் சரியாக வரும். மாமாவின் உயரத்துக்குச் செய்ய வேண்டாம்.

---

மருதானை சில்லுக்கடை எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் சில்லைப் பற்றி மட்டும். பிளாஸ்டிக், நைலோன் சில்லு வேண்டாம். சூட்டுத் துளி பட்டால் குழி விழும், பிறகு டக் டக் என்று ஓடும். காற்று டயரும் வேண்டாம், கிரைண்டர் கம்பித் துண்டு குத்தும். கட்டி ரப்பர் சில்லு எடுங்கள். பின்னுக்கு எட்டு அங்குலம், முன்னுக்குப் பிரேக் உள்ள ஐந்து அங்குலச் சுழல். பஞ்சிகாவத்தையில் பழையது பார்க்கலாம். ஆனால் சுழல் சில்லை மட்டும் பழைய சோனகத் தெருவில் புதிதாகவே வாங்குங்கள். பழைய சுழலில் பேரிங் குண்டு தேய்ந்திருக்கும், பாரம் ஏறினால் ஒரு பக்கம் படுக்கும்.

மொத்தப் பாரத்தை நாலாகப் பிரித்துச் சில்லு வாங்குகிறார்கள். மேடுபள்ளத் தரையில் எந்த நேரமும் மூன்று சில்லில்தான் பாரம் நிற்கும். உங்கள் வண்டி 135 கிலோ என்று வையுங்கள். ஒரு சில்லு 45 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும், பின்சில்லு அதற்கும் மேலே.

ஜி.ஐ. பைப்: வேண்டாம் தங்கச்சி. நாகப்பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும், எனக்கு வந்திருக்கிறது. பால் குடித்தால் சரி என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. கட்டாயம் அதுதான் போட வேண்டும் என்றால் மூட்டு வரும் இடத்தில் பூச்சை ஒரு அங்குலத்துக்கு மேல் உரசி எடுத்து, கதவைத் திறந்து வைத்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வராமல் பக்கவாட்டில் வர நின்று வேலை செய்யுங்கள். பழைய இரும்பில் உள்ள கிரீஸைப் பிரேக் கிளீனரால் துடைக்கவும் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் வெல்டிங் வெளிச்சத்திலும் சூட்டிலும் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கம்பித் தூரிகை போடுங்கள்.

---

வெல்லம்பிட்டிப் பட்டறை எழுதியது:

மூன்று தரம் வாசித்தேன் ஐயா. கழற்றும் தட்டு எனக்குத் தோன்றவே இல்லை. ஜி.ஐ. பைப்பை ஒதுக்கிவிட்டேன் அண்ணா, அது பந்தலுக்குப் போகட்டும்.

இன்னும் ஒன்று. வண்டியிலேயே ஒரு வயர் உருளையைப் பொருத்தி, 13 அம்பியர் பிளக்கில் குத்தி, எங்கே வேண்டுமென்றாலும் தள்ளிப் போகலாம் என்று நினைக்கிறேன். ஏர்த் கிளாம்ப் (வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வயரின் கவ்வி) மாட்டவும் வண்டிச் சட்டத்திலேயே ஓர் இடம் வைக்கவா?

---

தெஹிவளை மின்வேலை எழுதியது:

இரண்டையும் செய்ய வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

13 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2,990 வாட். உங்கள் மெஷினை 150 அம்பியரில் ஓட்டினால் வெல்டிங் முனையில் மட்டும் 21, 22 வோல்ட், அதாவது 3,200 வாட் அளவில். மெஷினுக்குள் வீணாகும் சூடு வேறு. கதவு ஒன்றுக்கு நாலு பொட்டு (சின்னச் சின்ன வெல்ட்) வைக்கிற வேலைக்கு 13 அம்பியர் பிளக் தாங்கும். நீளமாக ஓட்டினால் பிளக்கின் உள்ளே இருக்கும் பியூஸ் போகும், அதற்கு முதலே பிளக் கறுத்துவிடும். பியூஸ் இல்லாத பழைய உருண்டைக் கால் பிளக் என்றால் இன்னும் மோசம். மெயின் பெட்டியிலிருந்து தனி பிரேக்கரும் தனி வயரும் இழுத்து, கைத்தொழில் பிளக் போடச் சொல்லுங்கள். வயர் தடிப்பை உங்கள் மெஷினின் பின்தகட்டில் உள்ள உள்ளீட்டு அம்பியரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உருளையில் சுற்றியபடி கரண்ட் எடுத்தால் வயர் உள்ளே வெந்துபோகும். எந்த உருளையானாலும் முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். வண்டியில் இரண்டு கொக்கி வைத்து வயரைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள், அதுவே போதும்.

ஏர்த் கிளாம்ப் வேலைப்பொருளில்தான், வெல்ட் பிடிக்கும் இடத்துக்குக் கிட்ட. வண்டிச் சட்டத்தில் பிடித்தால் வெல்டிங் கரண்ட் எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியே திரும்பும். சங்கிலி, சிலிண்டர், மெஷினின் பச்சை ஏர்த் வயர் எல்லாம் அந்த வழியில் இருக்கின்றன. ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். மெஷினின் வெளியீட்டுப் பக்கம் மெயின் கரண்டிலிருந்து பிரிந்தது, அங்கே நடப்பது ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியாது.

---

கப்பல்வேலைக்காரர் எழுதியது:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் வேலை தொடங்கிய இரண்டாம் வருஷம், வெல்டிங் கூர் மாட்டியபடியே ஹோல்டரைச் சிலிண்டரின் கழுத்தில் தொங்கவிட்டேன். ஒரு பொறி. சிலிண்டரின் தோளில் பருப்பளவு தழும்பு. பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, என்னை ஒரு வார்த்தை ஏசாமல், சிலிண்டரில் சுண்ணக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைத்தார். அந்தத் தழும்பு உள்ள இடத்தில் இரும்பு கடினமாகி விரிசல் விடக்கூடியதாகிவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அதனால் மகள், டோர்ச்சுக்கும் ஹோல்டருக்கும் கொக்கி வைக்கும்போது சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம், முன் மூலையில் வையுங்கள். கொக்கிக்குப் பழைய ரப்பர் குழாய் ஒன்றை உறையாகப் போடுங்கள்.

மெஷினின் விசிறி பின்னால் இருக்கும். சிலிண்டருக்கும் அதற்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடுங்கள். கிரைண்டர் தூசு போகும் திசையில் அந்த விசிறி பார்க்கக் கூடாது. இரும்புத்தூள் உள்ளே போய் மின்சுற்றுப் பலகையில் படிந்தால், வெள்ளம் வராமலே மெஷின் போய்விடும்.

---

வெல்லம்பிட்டிப் பட்டறை எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். வண்டி முடிந்தது.

18க்கு 30 சட்டத்துக்கு மூலைவிட்டம் 35 அங்குலம் என்று கணக்கு வந்தது, மயிரிழைதான் குறைவு. முதலில் நாலு மூலைக்கும் பொட்டு மட்டும் வைத்து அளந்தேன். ஒன்று 34⅞, மற்றது 35⅛. ஒரு பொட்டை வெட்டி, தட்டி, திரும்ப வைத்தேன். பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி முழு வெல்ட். ஒரே பக்கமாக ஓட்டியிருந்தால் சூட்டில் இழுத்து அந்தக் கால் அங்குலம் திரும்ப வந்திருக்கும். துருப்பிடிக்காமல் இரண்டு பூச்சு ரெட் ஒக்சைட், மேலே நீலம்.

மெஷின் தட்டு நாலு கொக்கியில் உட்காருகிறது. முன்பக்கம் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்திருக்கிறேன், தாழ இருந்தாலும் குனியாமல் இலக்கம் தெரிகிறது. சுவர்த் தாங்கியை மாமாதான் அளந்து குறித்தார். 2016 தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதிலிருந்து மூன்றடி மேலே. அவரும் நானும் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். முழங்கால் வலியோடும் அவரால் முடிந்தது. தனி வயர் இழுக்க ஆள் வரும் திங்கட்கிழமை வருகிறார், அதுவரை பொட்டு வேலை மட்டும்.

சிலிண்டரை நானே உருட்டித் தட்டில் ஏற்றினேன். தனியாக.

இன்னும் ஒரு கரைச்சல் இருக்கிறது. பின்சில்லு கானைத் தெரியாமலே கடக்கிறது. முன் சுழல் சில்லு மட்டும் கம்பி மூடியின் இடுக்கில் இறங்கி நின்றுவிடுகிறது.

---

கப்பல்வேலைக்காரர் எழுதியது:

மூடியின் கம்பிகள் நீங்கள் தள்ளும் திசையிலேயே ஓடுகின்றன போல. கம்பிகள் சில்லுக்குக் குறுக்காக வரும்படி வண்டி கடக்கும் இடத்துக்கு மட்டும் இரண்டடித் துண்டு ஒன்றைப் புதிதாக அடித்துப் போடுங்கள், இடுக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதுவரை முன்பக்கமாகத் தள்ளாமல், பெரிய சில்லு முதலில் போகும்படி வண்டியைத் திருப்பி இழுத்துக் கடவுங்கள். சங்கிலி இரண்டும் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.