ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்து: ஐந்து குறிப்புகளில் நிற்கிறேன், வழி சொல்லுங்கள்

காலிக்கட்டம்:
வணக்கம் நண்பர்களே. 13க்கு 13 கட்டம், க்ரிப்டிக் வகை, அதாவது குறிப்புக்குள்ளேயே விடையின் பொருளும் சொல்விளையாட்டும் ஒளிந்திருக்கும் புதிர். 28 குறிப்புகளில் 22 முடிந்தது. மீதியில் ஒன்று ஊகித்துப் போட்டது, ஐந்து அசையவே இல்லை. விடையை மட்டும் சொல்லாமல் எப்படி உடைப்பது என்றும் சொன்னால் அடுத்த வாரத்துக்கும் உதவும்.

இடமிருந்து வலம்:
5. பசுவுக்கு நகை பூட்டும் மாதம் (3). *வைகாசி என்று போட்டிருக்கிறேன்*
11. மண்ணில் முதலில் கிடந்து உருக்குலைந்த தகரம் பச்சைக்கல் (5)
17. சோலையைப் பரப்பும் ஆறு (3)
20. விழியோடு மாதம் சேர முகம் தெரியும் (4)

மேலிருந்து கீழ்:
3. பணத்தின் முதலும் செழிப்பும் கடல் தந்த மணி (4). *இரண்டாம் கட்டத்தில் "கா" இருக்கிறது*
14. மரத்தின் முதலை விழுங்கிய வாலி மனைவி குளத்தில் பூப்பாள் (3)

உடம்படுமெய்:
சிக்கல் 5-இல்தான், மற்றதை அப்புறம் பார்க்கலாம். மூன்று கட்டத்தில் அடங்கும் மாதம் இரண்டே: வைகாசி, ஆவணி. எண்ணிக்கை சரியாக வந்ததும் முதலாவதைப் போட்டுவிட்டீர்கள். க்ரிப்டிக்கில் அது போதாது. குறிப்பின் ஒரு முனையில், முதலிலோ கடைசியிலோ, நேர்ப்பொருள் இருக்கும். மிச்சமுள்ள சொற்கள் விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித் தர வேண்டும். இங்கே "மாதம்" நேர்ப்பொருள். "பசுவுக்கு நகை" வைகாசியில் எங்கே? வை + காசி என்று பிரித்தால் பசுவும் இல்லை, நகையும் இல்லை.

பசுவுக்கு ஒரெழுத்துச் சொல் "ஆ". நகை "அணி". ஆ + அணி, நடுவில் வகர உடம்படுமெய் வந்து ஆவணி. தமிழ்ப் புதிரில் துண்டுகள் அப்படியே ஒட்டாது, புணர்ந்துதான் ஒட்டும். துண்டுகளைக் கூட்டி எழுத்து குறைகிறதே, கூடுகிறதே என்று விடையைத் தள்ளிவிடாதீர்கள். 20-ஐயும் இப்படிப் பாருங்கள்: விழி "கண்", மாதம் "ஆடி". தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும், ஆகவே கண்ணாடி. க, ண், ணா, டி, நான்கு கட்டம் சரி.

5 ஆவணி ஆனதும் அதை வெட்டும் 3-இன் இரண்டாம் கட்டம் "கா" போய் "வ" ஆகிறது. "முதல்" என்றதும் வியாபார முதலீடு நினைவுக்கு வரும், அதற்குத்தான் பக்கத்தில் பணத்தை வைத்திருக்கிறார்கள். பணத்தின் முதல் எழுத்து "ப". செழிப்பு "வளம்". மேலே சொல்லவே வேண்டாம்.

ஒரு தவறான விடை தன்னைக் குறுக்கே வெட்டும் அத்தனை சொல்லையும் பூட்டிவிடும். சொல்விளையாட்டு முழுவதும் பொருந்தாத விடையைப் பென்சிலில், கட்டத்தின் மூலையில் சின்னதாக எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்.

ஒற்றெழுத்து:
11 நல்ல குறிப்பு, அதை நிதானமாகப் பார்க்கலாம். "உருக்குலைந்த" என்பது கலைத்து அடுக்கு என்ற சமிக்ஞை. குழம்பி, சிதறி, கலங்கி, உடைந்து, தடுமாறி எல்லாம் இதே வேலைக்கு வருபவை. எதைக் கலைப்பது? பக்கத்திலிருக்கும் சொல், "தகரம்". அதில் நான்கு எழுத்து, நமக்கு ஐந்து வேண்டும். "மண்ணில் முதலில்" என்பது "ம" தருகிறது. உயிர்மெய்யை உடைக்க வேண்டியதில்லை. கட்டத்துக்குள் போகும் எழுத்து முழுசாகவே இடம் மாறும்.

ஐந்து எழுத்தை 120 விதமாக அடுக்கலாம். ஆனால் "ம" முதலில் கிடக்கிறது என்று குறிப்பே சொல்கிறது. "ம்" அடுத்து ர, க, த எதுவும் தமிழ்ச் சொல்லுக்குள் வராது, எனவே அது கடைசிக் கட்டத்துக்குத்தான் போக வேண்டும். நடுவில் மூன்று எழுத்து, ஆறே வழி. மகரதம், மதகரம் என்று ஓட்டிப் பாருங்கள், மரகதம் வந்து நிற்கும்.

எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் இந்த மெய்ம்மயக்க விதிதான் நம் புதிருக்குப் பெரிய துணை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்ததை இங்கே தினமும் பயன்படுத்தலாம். வெட்டும் கட்டத்தில் க், ச், த், ப் விழுந்தால் அடுத்த கட்டம் அதே வரிசை எழுத்து, வேறு வழியில்லை. ங் வந்தால் அடுத்தது பெரும்பாலும் ககரம். ர், ழ் தன்னோடு தான் இரட்டிக்காது. இரண்டு புள்ளியெழுத்து அடுத்தடுத்து விழுந்தால் முன்னது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: காய்ச்சல், பார்த்து, வாழ்க்கை போல. சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளியெழுத்தோ ண, ள, ழ, ற, ன வரிசையோ வந்தால் வெட்டும் விடை தப்பு, உடனே அழியுங்கள். கடைசிக் கட்டத்தில் வல்லின ஒற்று வந்தாலும் அப்படியே. ஆங்கிலச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் விடையாக வைப்பவர்களிடம் மட்டும் இந்த விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாலெழுத்து மாதங்கள் சித்திரை, ஐப்பசி, மார்கழி, பங்குனி. நான்கிலும் இரண்டாம் கட்டம் புள்ளியெழுத்து, நான்கும் வெவ்வேறு. அந்த ஒரு கட்டம் தெரிந்தால் மாதம் தெரிந்துவிடும். மாதங்கள், நட்சத்திரங்கள், ராசிகளை எழுத்தெண்ணிக்கைப்படி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது வீண் வேலை அல்ல, வாராவாரம் ஒன்றாவது வருகிறது.

காலிக்கட்டம்:
மிக்க நன்றி. பவளம், மரகதம், கண்ணாடி ஏறிவிட்டன. 14-இல் முதலை, குளம் இரண்டும் இருப்பதால் ஏதாவது புராணக் கதையா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கஜேந்திரன் கதையில் வாலி மனைவி எங்கே வந்தாள் என்று புரியவில்லை. 17-க்கு ஆறு என்றால் எண்ணா, தாளில் "ஷண்முகம்" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

உடம்படுமெய்:
கதையை விட்டுவிடுங்கள். குறிப்பை வாக்கியமாகப் படிக்கும்வரை அது வழி தராது, சொல் சொல்லாக வெட்டுங்கள். "முதலை" விலங்கு அல்ல, முதல் + ஐ, இரண்டாம் வேற்றுமை. மரத்தின் முதல் "ம". "விழுங்கிய" என்றால் ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே, சூழ்ந்த, அணைத்த, நடுவே எல்லாம் இதே வகை. வாலியின் மனைவி தாரை. அவளுக்குள் "ம"-வை வையுங்கள். நேர்ப்பொருள் கடைசியில் இருக்கிறது, "குளத்தில் பூப்பாள்".

ஒற்றெழுத்து:
17-இல் நேர்ப்பொருள் கடைசியில் இருக்கும் "ஆறு". எண்ணாகவும் இருக்கலாம், நதியாகவும் இருக்கலாம். இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். திங்கள், மாலை, படி, கல், இசை போன்ற சொற்கள் குறிப்பில் வந்தால் எல்லாப் பொருளையும் ஓரத்தில் எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சோலைக்கு ஒரெழுத்துச் சொல் என்ன? (ஆ, கா, பூ, தீ, கை, கோ, மா, வை இவை புதிர் போடுபவர்களுக்கு மிகவும் பிடித்தவை.) "பரப்பு" என்பதற்கு இரண்டெழுத்தில் வேறு ஏவல் வினை சொல்லுங்கள்.

காலிக்கட்டம்:
கா, விரி! தாமரையும் ஏறிவிட்டது. 28-உம் முடிந்தது.