மெரைன் மீனுக்கு ஒட்டுண்ணி: உங்கள் தொட்டியில் என்ன பார்த்தீர்கள்?

பெரம்பூர்

கொளத்தூரில் மீன் வாங்காத மெரைன்காரர், அதாவது கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர், வடசென்னையில் இருக்க வாய்ப்பே இல்லை. அங்கிருந்தோ வேறெங்கிருந்தோ வந்த மீனுக்கு என்ன நோய் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், பிழைத்ததா என்று மேலே உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள். ‘மெத்திலீன் ப்ளூ ஊத்துங்க, சரியாயிடும்’ வகையறா மட்டும் வேண்டாம். அதை நன்னீர் மீன் குழுக்களில் தினமும் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் என்னுடையது. பவுடர் ப்ளூ டேங் என்கிற நீலக் கடல்மீன். வெள்ளைப்புள்ளி நோய்க்கென்றே பிறந்த மீன் என்று சொல்வார்கள், சரிதான். மாலையில் துடுப்பெல்லாம் புள்ளி, மறுநாள் காலையில் பாதியைக் காணோம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெள்ளைப்புள்ளியைத் தரும் இந்த கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்றுவிட்டு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில் கழன்று விழும். மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் பிரிந்து பிரிந்து, ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வரும். புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அடுத்த படை தயாராகிறது என்று அர்த்தம்.

காப்பர் மருந்து கொல்வது நீந்திக்கொண்டிருக்கும் அந்தக் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் 30 நாள் விடாமல் வைக்கச் சொல்கிறார்கள். எல்லா மீனையும் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றிவிட்டு, பவளம் இருக்கும் பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட்டுவைத்தேன். சில கூடுகள் 72 நாள் கழித்துக்கூட வெடித்ததாக ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர் சூட்டில் அவ்வளவு தாமதமாகாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் டேங் விலைக்கு யார் பந்தயம் கட்டுவது?

திருவொற்றியூர்

அண்ணா, வெள்ளைப்புள்ளி பரவாயில்லை, யோசிக்க நேரம் கொடுக்கும். வெல்வெட் என்கிற நோய் கொடுக்காது.

எங்கள் தொட்டியில் முதலில் மாறியது மீன்களின் இடம். பட்டர்ஃப்ளை மீன் வேவ்மேக்கர் (தண்ணீரை ஓட வைக்கும் பம்ப்) எதிரே போய், வாயைத் திறந்தபடி, தண்ணீர் பாயும் இடத்திலேயே நின்றது. சாப்பாடு போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. டாம்செல் மீன் லைட்டுக்குப் பயந்து கல்லுக்குப் பின்னால் ஒதுங்கியது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. மாமியார், “அதுக்குத் தூக்கம் வருது போல, விடும்மா” என்றார். நான் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் செவுளை எண்ணினேன். நிமிடத்துக்கு நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் அதே மீனுக்கு அதில் பாதிதான் இருந்திருக்கும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாது. முதுகு ஓரத்தில் மங்கலான தங்க நிறத்தில் தூள் ஒட்டியிருக்கும். ரவை தூவியதுபோல் இருந்தால் வெள்ளைப்புள்ளி, மைதா தூவியதுபோல் இருந்தால் வெல்வெட். ஆனால் தூளுக்காகக் காத்திருக்கவே கூடாது. வெல்வெட்டைத் தரும் அமைலோஊடினியம் ஒட்டுண்ணி முதலில் பிடிப்பது செவுளைத்தான். உடம்பில் தெரிவதற்குள் பல மீன்கள் மூச்சுத் திணறிப் போய்விடும். எங்கள் டாம்செல் விடிவதற்குள் போய்விட்டது.

பட்டர்ஃப்ளைக்கு முதலில் நன்னீர் குளியல் கொடுத்தேன். குளோரின் நீக்கிய தண்ணீர், தொட்டியில் உள்ள அதே சூடு, ஆப்பசோடா போட்டுச் சரிசெய்த பிஹெச், ஏர் ஸ்டோன், ஐந்து நிமிடம். இது மூச்சுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்வளவுதான், குணப்படுத்தாது. அப்புறம் வேறு டப்பில் காப்பர். சாதா காப்பர் சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். கீலேட் செய்த (வேறு பொருளோடு பிணைத்த) காப்பருக்குக் கணக்கே வேறு, புட்டியில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள், டெஸ்ட் கிட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மீனும் போய்விடும், காசும் போய்விடும்.

இதெல்லாம் நடந்தது மே மாதம். நடுவில் கரன்ட் வேறு போனது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, மீனின் செவுளும் கெட்டிருக்கிறது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வையுங்கள், எந்த மருந்தையும்விட அதுதான் முதலில் உதவும். டப்புகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள். ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளியிலேயே இது பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

பட்டர்ஃப்ளை பிழைத்தது. இன்னும் கோபக்காரியாகத்தான் இருக்கிறது.

வியாசர்பாடி

க்ளவுன் மீன் வைத்திருப்பவர்கள் கவனிக்க. ஜோடியாக வாங்கினேன், கடலில் பிடித்தவை. கொஞ்ச நாளில் உடம்பு மேல் வெள்ளை வழவழப்பு, சில இடத்தில் தோலே உரிந்து தொங்கியது. கடையில் கேட்டால் ‘வெள்ளைப்புள்ளிதான் தம்பி, காப்பர் போடு’ என்றார்கள். இது புரூக்லினெல்லா என்கிற வேறு ஒட்டுண்ணி, காப்பருக்கு அசையாது. ஃபார்மலின்தான். 10 லிட்டர் கடல்நீருக்கு 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், பலமாகக் காற்று ஓட வேண்டும். ஃபார்மலின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் தள்ளாடினால் உடனே எடுத்துவிடுங்கள். குளித்த மீன் பழைய தண்ணீருக்குத் திரும்பிப் போகக் கூடாது, சுத்தமான டப்பில் விட வேண்டும்.

கையுறை போட்டு, மாடியில் திறந்த வெளியில் செய்தேன். புற்றுநோய் தரும் சரக்கு, சமையலறையில் வைத்து விளையாடாதீர்கள். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டியே வேண்டாம், மீனுக்கு அது கடும் விஷம்.

பண்ணையில் பொரித்த க்ளவுன் இப்போது கிடைக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் க்ளவுன் குஞ்சு பொரித்துக் காட்டியிருக்கிறது. கடல் மீனைவிட அதுவே மேல் என்பது என் கட்சி.

பொன்னேரி, மீன்வளக் கல்லூரி

எல்லோரும் கண்ணால் பார்த்தே பெயர் சொல்கிறீர்கள். ஒரு சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப் இருந்தால் பாதிச் சண்டை தீரும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு) ஓரத்தால் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் பக்கம் மெதுவாக ஒரு இழுப்பு. வருகிற வழவழப்பை அதே தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து உடனே பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

கறுப்பாக, உருண்டையாக, மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்தால் கிரிப்டோகேரியான். பேரிக்காய் வடிவில், அசையாமல் தோலோடு வேர் விட்டு ஒட்டியிருந்தால் அமைலோஊடினியம். தட்டையாக, இதய வடிவில், வழுக்கிக்கொண்டு ஓடினால் புரூக்லினெல்லா. முதல்முறை கிரிப்டோ சுழல்வதைப் பார்த்தபோது வகுப்பே ஸ்லைடை விட்டு நகரவில்லை.

செத்த மீனிலும் பார்க்கலாம், ஆனால் செத்த உடனே. ஃப்ரீஸரில் வைத்து மறுநாள் எடுத்து வராதீர்கள், அண்ணன்மாரே.

ராயபுரம்

எங்களுக்கு வந்தது புழு. செவுள், தோல் இரண்டிலும் ஒட்டும் தட்டைப்புழு. மீன் கல்லில் உரசும், கண் மங்கும், ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருக்கும். புழு கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன் மேல் தெரியவே தெரியாது. கறுப்பு டப்பில் நன்னீர் குளியல் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக அடியில் விழுந்து கிடந்தது. என் மகள் எண்ண ஆரம்பித்து, பாதியில் அருவருத்து ஓடிவிட்டாள்.

மருந்து பிராசிகுவாண்டெல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். தண்ணீரில் லேசில் கரையாது, நன்றாகக் கலக்கி ஊற்ற வேண்டும். பெரிய புழு சாகும், முட்டை சாகாது. அதனால் ஒரு வாரத்துக்குள் இரண்டாவது முறை போட வேண்டும். முட்டை நூல் மாதிரி வலையிலும் சிக்கிக்கொள்ளும், எனவே வலையைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

தண்ணீர் பற்றி ஒன்று. முன்பு காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகும் சொந்தக்காரர் வெளிக்கடல் தண்ணீர் கேனில் கொண்டுவருவார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபின் அதை விட்டுவிட்டு உப்புக் கலவைக்கு மாறிவிட்டேன். செலவுதான், ஆனால் தண்ணீரோடு ஏதாவது வந்திருக்குமோ என்ற சந்தேகம் இல்லை.

கொருக்குப்பேட்டை

உப்பைக் குறைத்து, தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009-இல் வைத்தே என் வெள்ளைப்புள்ளியைப் போக்கினேன், காப்பர் தேவையில்லை. பூண்டுச் சாறும் கலந்தேன்.

திருவொற்றியூர்

பூண்டு பசியைத் தூண்டும் என்பதோடு சரி. உப்பைக் குறைப்பது வெள்ளைப்புள்ளிக்குப் பலருக்கு வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1.009 என்பது 1.011 ஆகிவிட்டால் பலன் இல்லை, உப்பை அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். வெல்வெட்டுக்கு இந்த வழி உதவவே உதவாது. வந்தது எது என்று தெரியாமல் உப்பைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அதற்குள் தொட்டி காலி.

வண்ணாரப்பேட்டை

ஒரு சந்தேகம். என் ஏஞ்சல் மீனுக்குத் துடுப்பு நுனியில் வெள்ளைக் கட்டி, காலிஃப்ளவர் மாதிரி. நன்றாகச் சாப்பிடுகிறது, மூச்சும் சாதாரணமாக இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது. காப்பர் போடட்டுமா? வீடு சின்னது, இரண்டாவது தொட்டிக்கு இடமில்லை, அதனால் பெரிய தொட்டியிலேயே ஊற்றலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெரம்பூர்

ரெண்டும் வேண்டாம் தம்பி. இடம் மாறாத கட்டி என்றால் அநேகமாக லிம்போசிஸ்டிஸ், வைரஸ், ஒட்டுண்ணியே இல்லை. மருந்து கிடையாது, நல்ல தீனியும் நல்ல தண்ணீரும் இருந்தால் தானாக உதிரும். பெரிய தொட்டியில் காப்பர் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போகும். கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது.

இடத்துக்கு வழி இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் டப் ஒன்று, ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ நாலு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) போட்டு வைத்துவிடு, பாக்டீரியா ஏறட்டும். அடுத்த மீன் வாங்கும்போது நேராக அந்த டப்புக்குப் போகட்டும். கடைக்காரரிடம் உன் கண்முன்னே தீனி போடச் சொல்லு. சில கடைகளில் லேசாகக் காப்பர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே தெரியாத நோய் வீட்டுக்கு வந்தபின் தெரியும். அதையும் கேட்டுக்கொள். ஏஞ்சலை ஒரு போட்டோ எடுத்துப் போடு, பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து.