மெசேஜ் ஹேண்ட்லர்: ‘கையாளி’யா, ‘ஏற்பி’யா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பிளாக் நிரலாக்கக் கையேட்டில் பிணையப் பாடம் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஒரு கணினியின் நிரல் அனுப்புவதைப் பக்கத்துக் கணினியில் வாங்கி வேலை செய்யும் பிளாக் தொடரை, ஆங்கிலத்தில் மெசேஜ் ஹேண்ட்லர் என்பதை, தமிழில் என்னவென்று சொல்வது?

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஸ்கிராட்ச், பிள்ளைகள் பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள். அதன் பிராட்காஸ்ட் பிளாக் அனுப்புவது அந்த நிரலுக்குள்ளேயே சுற்றுவது. அதை ‘ஒலிபரப்பு’ என்றால் வானொலி ஞாபகம் வந்து, அடுத்த மேசைக் கணினிக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். ‘அறிவிப்பு’ போதும். ‘அறிவித்துக் காத்திரு’ என்றால் அதைக் கேட்ட எல்லாத் தொடர்களும் முடியும்வரை நிற்கும். ஒரே கணினி என்பதால் அது முடிகிறது. கம்பி கடந்து போவதற்கு அந்த உறுதி கிடையாது. சேர்ந்ததா என்பதே தெரியாமல் போகலாம். எனவே அதற்கு வேறு பெயர்: ‘செய்தி’. அதை வாங்கும் தொடருக்குக் ‘கையாளி’ என்று முன்மொழிகிறேன்.

நகரியிலிருந்து:

> எனவே அதற்கு வேறு பெயர்: ‘செய்தி’.

டீச்சர், நகரி, புத்தூர்ப் பக்கம் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் தெலுங்கில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ‘செய்தி’ என்றால் அவர்களுக்கு டிவியில் வாசிப்பதுதான். மெசேஜுக்குத் தெலுங்கில் ‘சந்தேசம்’. மலையாளத்திலும் அதுவேதானே? ஆந்திரம், கேரளம் இரண்டு எல்லைக்கும் பொதுவான சொல்லை ஏன் விட வேண்டும்?

தேவிகுளத்திலிருந்து:

ஐயா, சந்தேசம் வேண்டாம். அச்சில் ஓர் எழுத்து பிசகினால் சந்தேகம் ஆகிவிடும். அதற்கு நேரான பழைய தமிழ்ச் சொல் தூது. ஆனால் அது போகிறவரையும் குறிக்கும், கொண்டுபோகும் பொருளையும் குறிக்கும். நமக்குப் பொருள் மட்டும் வேண்டும். கைபேசியில் ‘குறுஞ்செய்தி’ ஊன்றிவிட்டது, செய்தியே இருக்கட்டும்.

எனக்குத் தடை ‘கையாளி’யில்தான். வாங்குவதும் வேலை செய்வதும் ஒன்று என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. பழைய ஆய்வகக் கணினிகளில் இருக்கும் ஸ்கிராட்ச் 1.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து 42001-ஆம் போர்ட் (பிணைய வாசல்) வழியாக வரும் செய்தி, உள்ளே அறிவிப்பாக மாறுகிறது. ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே அறிவிப்பு மறுபடி வந்தால், தொடர் முதலிலிருந்து தொடங்கும். விநாடிக்கு 10 செய்தி வருகிறது, தொடரோ 1 விநாடி நகர வேண்டும் என்றால் ஒரு நகர்வும் முடியாது. திரையில் நகர வேண்டிய பூனை நடுங்கிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் பிணையம் கெட்டது என்பார்கள்.

தீர்வு, வாங்கும் தொடரில் ஒரே ஒரு பிளாக் வைப்பது: வந்ததை ‘வரிசை’ என்ற பட்டியலின் கடைசியில் சேர். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியின் கீழ் தனியாக ஒரு முடிவிலாச் சுழற்சி. வரிசையின் நீளம் 0-ஐ விடப் பெரிதென்றால் முதல் உருப்படியை ஒரு மாறியில் எடுத்துக்கொள், பட்டியலிலிருந்து நீக்கு, பிறகு வேலையைச் செய். எடுப்பதற்கு முன் நீக்கினால் முதல் செய்தி தொலைந்து இரண்டாவது நடக்கும். இந்தப் பிழை அடிக்கடி வரும்.

இங்கே இரண்டு உறுப்புகள் இருக்கின்றன, இரண்டு பெயர் வேண்டும். வாங்கி வைப்பது ‘ஏற்பி’. எடுத்துச் செய்வது ‘கையாளி’.

நகரியிலிருந்து:

செய்தி பற்றிச் சம்மதம். ஏற்பி உயிரியல் பாடத்தில் வரும் சொல்தானே, குழப்பாதா? இன்னொன்று. செய்தியின் பெயரை ‘போ’ என்று தமிழில் வைத்தால் சில கணினிகளில் ஏற்பி எழும்புவதே இல்லை. அப்படியென்றால் ஏற்பியின் வேலையில் பெயர்களை ஒப்பிடுதலும் சேர்த்தியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சேர்த்திதான் ஐயா. ‘போ’வை இரண்டு விதமாகத் தட்டலாம்: ப-வும் ஓகாரக் குறியும், அல்லது ப, ஏகாரக் கொம்பு, துணைக்கால். திரையில் இரண்டும் ஒன்றே. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9. கணினிக்கு இரண்டும் வேறு பெயர். அதனால் ஒப்பிடும் முன் இயல்பாக்கம், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல், செய்ய வேண்டும். பெயரின் பின்னால் ஒட்டிய இடைவெளியும் இதே தொல்லையைத் தரும்.

வெளியிலிருந்து பைத்தான் நிரல்மொழியில் அனுப்புவோர் இதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் 4 பைட்டில் போகிறது, பெரிய மதிப்புள்ள பைட்டு முதலில். பிராட்காஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் 9 பைட்டு, இடைவெளி 1, மேற்கோள் குறிகள் 2, ‘போ’ 6, ஆக 18. பைட்டாக மாற்றாமல் சரத்தின் நீளத்தை, அதாவது எழுத்துக் குறிகளின் எண்ணிக்கையை, அப்படியே எடுத்தால் 14 என்று வரும். எதிர்முனை 14 பைட்டு வாசித்து ‘ப’வோடு நிறுத்தும். மிஞ்சிய ஓகாரக் குறியும் மூடும் மேற்கோளும் சரியாக 4 பைட்டு. அதையே அடுத்த செய்தியின் நீளம் என்று படித்து, 376 கோடிக்கும் மேலான பைட்டுக்காகக் காத்துக் கிடக்கும். இணைப்பு அறுந்திருக்காது, பிழைச் செய்தியும் வராது. ஆங்கிலப் பெயர்களில் எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கை என்பதால் இது வெளியே தெரிவதில்லை.

உயிரியலில் ஏற்பி, வெளியிலிருந்து வரும் தூண்டலை வாங்குவது. இங்கும் அதே வேலைதான், குழப்பாது. தேவிகுளம் சொன்னபடி இரண்டு சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன்.

தேவிகுளத்திலிருந்து:

நல்லது டீச்சர். பிளாக்கின் மேல் எழுதுவதில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘நான் பெறும்போது’ என்று வைத்தால் அந்த ‘நான்’ யார் என்று கேட்பார்கள். ‘[போ] செய்தி வந்ததும்’ என்று இருக்கட்டும். முழுச் செய்தியும் வந்து சேர்ந்த பிறகே தொடர் ஓடுகிறது, ஆகவே ‘வரும்போது’ அல்ல, ‘வந்ததும்’.

அனுப்பும் பிளாக்கில் வேற்றுமை உருபு இடிக்கிறது. ‘[எல்லோரும்]க்கு’ என்று திரையில் நிற்கும். தேர்வுப் பட்டியலில் எந்தப் பெயர் வந்தாலும் ‘க்கு’ மாறாது. மொழிபெயர்ப்புக் கோப்பில் இடக்குறிகளை (தேர்ந்த பெயர் வந்து நிற்கும் இடங்களை) முன்பின்னாக மாற்றலாம், உருபைப் பெயருக்கேற்ப வளைக்க வழியில்லை. எனவே உருபை வெளியே எடுத்துவிட்டேன்: ‘அனுப்பு: செய்தி [போ], பெறுநர் [எல்லோரும்]’.